எழுந்து சிரித்தவன்

சினிமாக்காரர்கள் எங்கள் ப்ளாட்டுக்கு வந்த அன்று லிப்ட் கெட்டுப் போயிருந்தது. அதைப் பார்த்து அவர்களுக்கு ஒரே சந்தோஷம். காமிராவைத் தோளில் வைத்திருந்தவர் லிப்ட் கதவின் துருவைப் படமெடுத்தார், அதில் ஒட்டியிருந்த குழாய் ரிப்பேர் விளம்பரத்தை எடுத்தார், படிக்கட்டு மூலையில் யாரோ போட்டுவிட்டுப் போன உடைந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். அரிசி மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறுகிற எங்களுக்கு அது எரிச்சல், அவர்களுக்கு அழகு. பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில் பாதி ஆயுசைக் கழித்தும் எங்கள் லிப்ட் கதவு அழகானது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

நான் மோகனா. பெரிய ஹோட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பும் துண்டும் துவைக்கிற பிரிவில் வேலை. எதிர்வீடு புஷ்பவள்ளி அக்காவுடையது. நடுவில் இருக்கும் நடைவழி இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலம்தான். அவள் வீட்டில் ரசம் கொதித்தால் என் வீட்டில் மணக்கும். என் வீட்டில் சண்டை நடந்தால் அவள் வீட்டு டிவி சத்தம் தானாகக் குறையும். அப்படிப்பட்ட அக்கம்பக்கம். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அக்காவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஷர்வின் மோட்டாரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்தான். டத்தோ கிராமாட் பகுதியில் அப்துல் ரஹீம் அண்ணனின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு முன்னால் ஒரு நாற்சந்தி இருக்கிறது. போன வருஷம், மழைத் தூறலில், பெட்டி நிறையச் சாப்பாட்டோடு அந்தச் சந்தியைக் கடக்கும்போது குறுக்கே வந்த சிமெண்டு லோரி அவனை அடித்துவிட்டது. அக்கா வேலை செய்வதும் அதே கடையில்தான், பின்கட்டில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. "எவ பெத்த புள்ளையோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா தன் கையையே பார்ப்பாள்.

லோரிக்காரன், பையன் சிவப்பு விளக்கில் பாய்ந்து வந்தான் என்றான். கல்லாவில் உட்கார்ந்திருந்த ரஹீம் அண்ணன், இல்லை, பையன் நின்றான், பச்சை விழுந்த பிறகுதான் எடுத்தான், என் கண்ணால் பார்த்தேன் என்றார். அந்தச் சந்தியில் காமிரா கிடையாது. ஒருவர் சொல்லுக்கு எதிரே இன்னொருவர் சொல், விசாரணை அதோடு தேங்கிப்போனது. ஊருக்கு அது போதுமே. நம்ம பையன், மோட்டார், இளவட்டம். ரேஸ் விட்டிருப்பான், குடித்திருப்பான் என்று வாய் கூசாமல் பேசினார்கள். முகம் தெரியாதவர்கள் கைப்பேசியில் எழுதினார்கள். அதையெல்லாம் அக்கா தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வீட்டுக்குள்ளேயே இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் வாசு அண்ணன், பட்டர்வொர்த் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். கருமாதி முடிந்து கீழே கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"லோரிக்காரன சும்மா திட்டிக்கிட்டு இருக்காத வள்ளி. மோட்டார்காரனுங்க எப்படி நொழைவானுங்கன்னு எனக்குத் தெரியும். தெனம் பாக்கறேன்."

"ரஹீம் அண்ணே பாத்தேன்னு சொல்றாருங்க."

"அவரு நம்ம மேல உள்ள பாசத்துல சொல்றாரு."

அவ்வளவுதான். சோறு போடட்டா, அடுப்பு கேஸ் முடிஞ்சிருச்சு, சின்னவன் வந்துட்டானா, இதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லாமல் போனது. அக்காவுக்கு ஊர் நம்ப வேண்டாம், கோர்ட்டு நம்ப வேண்டாம். பெற்றவர் நம்ப வேண்டும். அவன் பச்சையில்தான் வந்தான் என்று வாசு அண்ணன் வாயிலிருந்து ஒரு தரம் வந்துவிட்டால் அவள் மீதி ஆயுசை எப்படியோ ஓட்டிவிடுவாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்மல் வந்தான். ரஹீம் அண்ணனின் தங்கை மகன். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்து, வெளிநாட்டில் சினிமா படித்துவிட்டு வந்தவன். நல்ல பிள்ளை, அதைச் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். இந்தக் கதையில் ஒரு கெட்டவன் இருந்திருந்தால் எனக்கும் திட்டுவதற்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று எனக்கு ஓய்வு. அக்காவோடு பேசிக்கொண்டிருக்கக் கடையின் பின்கட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் மீன் தலைக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டுக் கறிச் சட்டி இருக்கிற பக்கம் ரஹீம் அண்ணன் அக்காவை ஒருநாளும் போகச் சொன்னதில்லை. வெங்காயம், வெண்டைக்காய், கணவாய் சுத்தம் பண்ணுவது, இதுதான் அவள் வேலை. அக்மல் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கேட்காமலே அவனும் ஒரு கத்தியை எடுத்து வெங்காயம் உரித்தான். இரண்டாவது வெங்காயத்துக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நம்ம மாதிரி ஆளுங்கள சினிமாவுல எப்படிக்கா காட்டுறாங்க? ஒண்ணு கேங்ஸ்டர், இல்லன்னா அழுவுற அம்மா. நான் வேற மாதிரி எடுக்கப் போறேன்."

"வேற மாதிரின்னா எப்படி தம்பி?"

"மொதல்ல ஆரம்பிச்சு கடைசியில முடிக்க மாட்டேன். கதைய ஒடைப்பேன். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தரமும் மாறி மாறி. இது சினிமாதான்னு பாக்கறவங்களுக்கும் தெரியும். அப்பதான் யோசிப்பாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மீன் கறிச் சட்டியைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

"ஒடைச்சு எடு, ஒட்டி எடு, அது ஒன் வேல. எம்புள்ள பச்சை விழுந்தப்புறந்தான் எடுத்தான்னு அதுல வருமா?"

"கண்டிப்பா வரும்கா."

"ஒங்க மாமா சொல்றது வருமா?"

"மாமாவையே சொல்ல வைக்கறேன்."

"எங்க வீட்டுக்காரரு பாக்கலாமா?"

"மொத வரிசையில உக்கார வைக்கறேன்கா."

அக்மல் பொய் சொல்லவில்லை. அவன் வாக்குக் கொடுத்ததெல்லாம் அப்படியே நடந்தது.

ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. பக்கத்து ஆறு பொங்கி, கார் நிறுத்துகிற இடம் வரை வந்து, சேற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் போகும். சேறு காய்ந்தால் ஒரு நாற்றம் அடிக்கும் பாருங்கள், எங்களுக்குப் பழக்கம், சினிமாக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே அதையும் எடுத்தார்கள். ஷர்வினாக நடிக்க வேறு யாரையும் தேடவில்லை, சின்னவன் யுகேந்திரனையே போட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. சிரித்தால் இடது கன்னத்தில் விழுகிற குழிகூட ஒன்றுதான். அலமாரியில் மடித்து வைத்திருந்த பெரியவனின் ஜாக்கெட்டை அக்கா எடுத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவன் படியிறங்கியபோது இரண்டாம் மாடி காமாரியா, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "அல்லா" என்று கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. வள்ளி அக்காவாக!

"ஏன் தம்பி, நெசமான அக்காவே இங்க குந்தியிருக்காங்க. நான் எதுக்கு லா?"

"ஒரு கட்டத்துல அம்மாவா நடிக்கற ஆளே மாறிடுவாங்கக்கா. இந்த அம்மா யாரா வேணும்னாலும் இருக்கலாம்ல?"

"நானா? எனக்குப் புள்ளையே இல்லையே தம்பி."

அவன் ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு, அந்த வார்த்தையைக் காமிரா முன்னால் இன்னொரு தரம் சொல்ல முடியுமா என்று பணிவாகக் கேட்டான். சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு பணிவாகக் கேட்டால் யாரால்தான் மறுக்க முடியும்?

ரஹீம் அண்ணன் நடித்த நாள்தான் பெரிய கூத்து. கல்லாவுக்குப் பின்னால் அவரை உட்கார வைத்து விளக்குப் போட்டார்கள். சாப்பிட வந்தவர்களெல்லாம் கையில் குழம்போடு வேடிக்கை பார்த்தார்கள். அண்ணன் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, "பையன் நின்னான். தூறல்ல போனைச் சட்டையில தொடச்சுக்கிட்டான். பச்சை விழுந்துச்சு, எடுத்தான். என் கண்ணால பாத்தேன், அல்லா மேல ஆணையா" என்றார். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்கட்டு வாசலில் நின்ற அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லாருக்கு மாமா. இப்ப வேற மாதிரி ஒண்ணு. மழை, கண்ணாடி மங்கலா இருந்துச்சு, சரியா தெரியலன்னு சொல்லுங்க."

"அது எதுக்குடா?"

"சும்மா ஒரு டேக். நடிப்புதானே மாமா."

அண்ணன் சொன்னார். பிறகு மூன்றாவதாக, பையன் சிவப்பில் பாய்ந்து வந்தான், நான் பார்த்தேன் என்று சொல்லச் சொன்னான். அதற்குள் அண்ணனுக்கு நடிப்பு பிடித்துப்போய்விட்டது. கையை வீசி, புருவத்தைத் தூக்கி, "பேய் மாதிரி வந்தான்யா!" என்று அவராகவே ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார். கடையில் தேத்தண்ணி கலக்குகிறவர் கைதட்டினார். அக்காவும் சிரித்தாள். நானும்தான். கல்யாண வீட்டில் போட்டோ பிடிக்கிறவர் பத்து தரம் எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவதில்லையா? நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். உண்மையை வைத்துக்கொள்வான், மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுவான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கடைசியில்தான் அக்மல் சவப்பெட்டிப் பேச்சை எடுத்தான். யுகேன் பெட்டியில் படுக்க வேண்டும், அக்கா பக்கத்தில் இருந்து அழ வேண்டும். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருக்கற ஒண்ணையும் பெட்டியில போடச் சொல்றியா தம்பி?"

"வேணாம்னா விட்டுடலாம்கா."

"மா, நடிப்புதான் லா. நான் என்ன, உள்ளயே தூங்கிடவா போறேன்?" என்றான் யுகேன். அக்கா அவன் வாயிலேயே ஒன்று வைத்தாள்.

 வாசு அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நல்லது கெட்டது எதற்கும் அவர் செய்வது அதுதான்.

சில நாள் போயிற்று. பிறகு அக்காவே அக்மலைக் கூப்பிட்டு ஒத்துக்கொண்டாள். ஒரு நிபந்தனை. தமிழ் சினிமாவில் செத்தவன் வேஷம் போட்டுப் படுத்தவனைக் கடைசியில் எழுப்பி, காமிராவைப் பார்த்துச் சிரிக்க வைப்பார்களாம். அப்போதுதான் தோஷம் கழியுமாம். ஏதோ டிவி பேட்டியில் ஒரு நடிகர் சொன்னதை அக்கா கேட்டிருக்கிறாள். "எம்புள்ள எந்திரிச்சுச் சிரிக்கணும். நல்லா, பல்லு தெரிய. நான் பூசணிக்கா ஒடைக்கணும். அதுக்கப்புறந்தான் நீங்க பொட்டிய எடுக்கணும்." அக்மல் தலையாட்டினான்.

ஷர்வினை வைத்திருந்த அதே இடம்தான், ப்ளாட்டுக்குக் கீழே, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில். யாரும் படுக்காத புதுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா முதலில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள், பெட்டிக்குள் உப்புத் தூவினாள். மூக்கில் பஞ்சு வைக்க விடவில்லை. மகன் நெற்றியில் திருநீறை அவளே பூசினாள். ஆரம்பிக்கலாம் என்றதும் எங்களுக்கெல்லாம் பயம், அக்காவுக்கு அழுகை வருமோ வராதோ என்று. வராமலா? அன்று அவள் அழுத அழுகை நிஜமான அன்றுகூட அழாதது. பெரியவன் போன அன்று ஆள் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள், போலீஸ், ஆஸ்பத்திரி, வந்தவர்களுக்கு நாற்காலி என்று நேரம் போய்விட்டது. இப்போதுதான் பிள்ளை முகத்தைத் தடவ அவகாசம் கிடைத்தது. "ராசா, பச்சையிலதான்டா வந்த, எனக்குத் தெரியும்டா" என்று அவள் சொல்லச் சொல்ல, விளக்குப் பிடித்திருந்த பெண்ணே மூக்கை உறிஞ்சினாள். நான் தபால் பெட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

திடீரென்று அக்கா முகத்தைத் துடைத்தாள். அக்மல் இன்னும் போதும் என்று சொல்லவில்லை. அதற்கெல்லாம் அவள் காத்திருக்கவில்லை.

"எந்திரி. போதும், எந்திரிடா. காமிராவப் பாத்துச் சிரி."

யுகேன் கண்ணைத் திறந்தான். மெதுவாக எழுந்து உட்கார்ந்து, கன்னத்தில் குழி விழ, காமிராவைப் பார்த்துச் சிரித்தான். அம்மாவின் அழுகையை இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தவன் ஆயிற்றே, அந்தச் சிரிப்பு பாதியில் உதடு கோணி நின்றது. "இன்னும்! பல்லு தெரியட்டும்!" என்றாள் அக்கா. அவன் சிரித்தான். பூசணிக்காயை ஓங்கி உடைத்தாள். காமிரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தது. அக்மல் கண் கலங்கி அசையாமல் நின்றிருந்தான். இரக்கம் என்று நினைத்தேன். இருந்திருக்கலாம். தேடிக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட சந்தோஷமும் அதில் இருந்தது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

படம் எங்கெங்கோ வெளிநாடெல்லாம் போய்ப் பரிசு வாங்கி வந்தது. பிறகு ஜார்ஜ் டவுனில், பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய அரங்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டார்கள். அக்கா எங்கள் ப்ளாட்டில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். வாசு அண்ணன் லீவு போட்டார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். முதல் வரிசையில் அவர், பக்கத்தில் அக்கா, நான், யுகேன், ரஹீம் அண்ணன். விளக்கு அணைவதற்கு முன்னால் அக்கா என் கையைப் பிடித்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

முதலில் ஷர்வின் வருகிறான். கூட்டாளிகளோடு ரேஸ் விடுகிறான், சிவப்பில் பாய்கிறான், லோரி. ரஹீம் அண்ணன் கையை வீசி, "பேய் மாதிரி வந்தான்யா!" என்கிறார். அக்காவின் பிடி இறுகியது. "இது லோரிக்காரன் சொன்னதுக்கா. இனிமேதான் நம்மது வரும்" என்று காதில் சொன்னேன். வந்தது. அதே சந்தி, அதே தூறல், பையன் நிற்கிறான், பச்சை விழுகிறது, எடுக்கிறான், லோரி. ரஹீம் அண்ணன் அல்லா மேல் ஆணையிட்டு அழுகிறார். அக்கா வாசு அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையையே பார்த்திருந்தார். அத்தோடு முடிந்திருந்தால் எல்லாம் சரியாகிப் போயிருக்கும். மறுபடியும் அதே சந்தி வந்தது. இப்போது மழைதான் தெரிகிறது, கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாக ஏதோ நகர்கிறது. சரியா தெரியல என்கிறார் ரஹீம் அண்ணன். பின்கட்டில் நான் அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறேன், வெளியே சத்தம் கேட்கிறது. நான் காமிராவைப் பார்த்து, எனக்குப் புள்ளையே இல்லையே தம்பி என்கிறேன். அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள்.

கடைசியில் பெட்டி. அக்காவின் அழுகை.  பிறகு, "எந்திரிடா. காமிராவப் பாத்துச் சிரி." செத்தவன் எழுந்து உட்கார்ந்து, எங்களையெல்லாம் பார்த்து, பல் தெரியச் சிரித்தான். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு அரங்கமே சிரித்துக் கைதட்டியது. பூசணிக்காய் உடைவதோடு படம் முடிந்தது. ரஹீம் அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

விளக்குப் போட்டதும் அக்மல் மேடைக்குப் போனான். ஒரு பெண் எழுந்து, மூன்றில் எது உண்மை என்று கேட்டாள். அவன் தமிழிலேயே பதில் சொன்னான்.

"படம் அத சொல்லாது. உண்மை ஒண்ணே ஒண்ணுதான்னு யாரு சொல்லுவாங்க? அதிகாரத்துல இருக்கறவங்க சொல்லுவாங்க. அவங்க எழுதி வச்ச அந்த ஒண்ணைத்தான் நான் ஒடைச்சிருக்கேன்."

கைதட்டல். அவன் சொன்னதிலும் ஏதோ நியாயம் இருக்கத்தான் செய்தது போல. அப்போது அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒரு விரலைத் தூக்கினாள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீ படிச்சவன். நீ சொல்றது எனக்கு எட்டல. அவங்க எழுதுனத ஒடைச்ச, சரி. என்னோடதையும் ஏன் தம்பி சேத்து ஒடைச்ச? எம்புள்ள ஒரு தரந்தான செத்தான்?"

 அதற்கும் கைதட்டினார்கள். பின்னால் சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். இதுவும் படத்தில் சேர்ந்தது என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது.

வெளியே ரஹீம் அண்ணன் அக்காவின் முன்னால் வந்து நின்றார். "ஷூட்டிங்தானேன்னு சொன்னேம்மா. நடிப்புன்னு நெனச்சேன். எல்லாத்தையும் போடுவான்னு எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா நாக்க அறுத்துப் போட்டிருப்பேன்." அத்தனை பெரிய மனுஷர் நடுரோட்டில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அக்மலும் வந்தான்.  அக்காதான், "நீ காட்டறேன்னு சொன்னத காட்டிட்ட தம்பி. வீட்டுக்குப் போ, அம்மா தேடுவாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் யுகேன் குளிக்கப் போய்விட்டான். நான் என் வீட்டில் செய்து வைத்திருந்த புளிக்குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசு அண்ணன் காலணியைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றிருந்தார்.

"பாத்தீங்கள்ல?" என்றாள் அக்கா. "பச்சை விழுந்தப்புறந்தான்னு ரஹீம் அண்ணே சொன்னாருல்ல?"

"சொன்னாரு. சிவப்புன்னும் அவருதான் சொன்னாரு. தெரியலன்னும் அவருதான் சொன்னாரு."

"அது நடிப்புங்க. நான் அங்கதான் இருந்தேன், எனக்குத் தெரியும்."

"எது நடிப்பு வள்ளி? எல்லாத்தையும் ஒரே வாயாலதான சொன்னாரு."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நீயாவது சொல்லேன் என்கிற மாதிரி. நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அவன் பச்சையில வந்தான்னா, அந்த லோரிக்காரன் சிவப்புல வந்திருக்கான். அதான வள்ளி? நானும் வந்திருக்கேன். லோடு ஏத்திக்கிட்டு வரப்ப, பிரேக் போட்டா நிக்காதுன்னு ஹார்ன அமுக்கிக்கிட்டே போயிருக்கேன். எத்தனையோ தரம். குறுக்க எவன் புள்ளையும் வரல, அவ்ளோதான். நான் நாளைக்குக் காலையில அதுல ஏறி உக்காரணும். ஏறித்தான் ஆவணும், வேற எனக்கு ஒண்ணும் தெரியாது. அது மூணுல ஒண்ணுன்னே இருந்துட்டுப் போவட்டும். என்ன விட்ரு."

 அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து அவருடைய காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "எந்திரிச்சு வாங்க, சோறு போடறேன்" என்றாள். இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை, என் கண் முன்னாலேயே அவள் விட்டுவிட்டாள்.

அவருக்குச் சோறு போட்டுவிட்டு, ஷர்வினுக்குப் பிடித்த ஐஸ் போட்ட மைலோவைக் கலக்கி அவன் போட்டோவுக்கு முன்னால் வைத்துவிட்டு, அக்கா நடைவழிக்கு வந்தாள். கம்பிக்கு அப்பால் மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். 

"மோகனா, அவன் எந்திரிச்சுச் சிரிச்சானே, பாத்தியா?"

"பாத்தேன்கா."

"அப்படியே ஷர்வினு. கன்னத்துல குழி விழுந்துச்சு. அங்க எல்லாரும் சிரிச்சப்ப நானும் சிரிச்சுட்டேன்டி."

"தப்பில்லக்கா."

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வெங்காயம் உரித்து உரித்து நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போன கை.

"இவன் படுத்திருந்தப்ப எனக்கு எப்படியோ தோணுச்சு, எந்திரிடான்னு சொல்லணும்னு. சொன்னதும் எந்திரிச்சுட்டான். பெரியவன் அங்க கீழதான மோகனா படுத்திருந்தான், அதே எடத்துலதான? நாள் பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அன்னிக்கு எனக்கு அது தோணவே இல்லியே."